ஆக்சலாட்டில் முட்டை: பொரிவது எளிது, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆக்சலாட்டில் என்ற மெக்சிகோ நாட்டு நீர்நில வாழ்வியைப் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் கட்டுரையின் கடைசியில், முட்டையை வாங்கி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு வந்துவிடும், விடுமுறையில் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு என்கிற மாதிரி நாலு வரி இருந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லாமல் சுருக்க வேண்டி வந்தாலும் முட்டைகளின் எண்ணிக்கை பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

முட்டை பொரியும் என்பது உண்மைதான். சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில் கிடந்தால் நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலான முட்டைகள் பொரிந்துவிடும். பாடு எல்லாம் அதற்கு மறுநாளிலிருந்துதான். ஒரு பெண் ஆக்சலாட்டில் ஒரு தடவைக்கு நூறு முட்டையிலிருந்து ஆயிரம் வரை இடும். அத்தனையும் பொரியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட வீடுகளில் என்ன நடக்கிறது என்றால், குஞ்சுகளில் நிறைய பசியில் செத்துப்போகும், மிஞ்சியவை ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அதையும் தாண்டிப் பிழைத்தவற்றைக் கொடுக்க இடம் இருக்காது. அதனால் முட்டை கண்ணில் பட்ட முதல் இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே எத்தனை வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். முதல் தடவை என்றால் பத்து, மிஞ்சிப்போனால் இருபது. மற்றதை எல்லாம் உடனே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, அதற்கும் பதில் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கோத்தகிரியில். விலங்கியல் படிக்கும் என் மகள்தான் இவற்றை வளர்க்கிறாள், கூடவே இருந்து வேலை பார்ப்பது நான். இங்கே வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தொட்டித் தண்ணீர் தானாகவே 20 டிகிரிக்குக் கீழே இருக்கும், அது எங்களுக்குப் பெரிய சௌகரியம். அப்படி இருந்தும் இதில் எவ்வளவு வேலை என்று பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், மீன் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக இதை மீன் என்று நினைக்கக் கூடாது. தவளை, தேரை மாதிரி இதுவும் நீர்நில வாழ்வி, பல்லி மாதிரி உடம்பும் வாலும் உள்ள சாலமாண்டர் வகை. மற்ற சாலமாண்டர்களில் பல வளர்ந்ததும் செவுள்களை உதிர்த்துவிட்டுக் கரையேறும், இது கடைசிவரை குஞ்சுப் பருவத்துச் செவுள்களோடு தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, அப்படியே இனப்பெருக்கமும் செய்யும். வளர்ந்தது ஒரு அடி நீளத்தைக்கூட எட்டும். பத்துப் பதினைந்து வருடம் வாழும். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு இன்று வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும்.

முட்டை பார்க்க ரொம்ப அழகு. செடியின் இலைகளில் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்திருக்கும், வெந்த ஜவ்வரிசிக்குள் கடுகை வைத்த மாதிரி ஒரு கருப்புப் புள்ளி, சுற்றிலும் கண்ணாடி போன்ற கூழ். இட்டவுடன் பெற்றோரிடமிருந்து பிரித்துவிட வேண்டும், விட்டால் அவையே தின்றுவிடும். சில நாளில் அந்தப் புள்ளி நீளவாக்கில் இழுபடும், ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால் என்று பிரியும், கழுத்துப் பக்கம் சின்ன முளைகளாகச் செவுள் தெரியும். அப்புறம் ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் கூழுக்குள் உடம்பைத் திடீரென்று ஒரு சுண்டு சுண்டித் திரும்பிப் படுக்கும். என் மகள் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள், அன்றைக்கு முழுவதும் சமையலறை மேடையை விட்டு யாரும் நகரவில்லை. அந்த ஆர்வத்தைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ஆர்வத்துக்குப் பத்து முட்டை தாராளமாகப் போதும்.

இந்தக் கட்டத்தில் வேலை குறைவு. வெள்ளையாகிப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படிந்த முட்டையைப் பார்த்தவுடன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும். தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. கேன் தண்ணீர் சுத்தம் என்று நினைத்து அதைப் பயன்படுத்துகிறார்கள், அதில் தாதுக்களை எல்லாம் வடிகட்டி எடுத்திருப்பார்கள், இதற்கு அது ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கியைப் போட்டுப் பயன்படுத்துவதே மேல். 18 டிகிரி போல இருந்தால் பொரிவதற்கு மூன்று வாரம்கூட ஆகலாம், சூடு கூடினால் சீக்கிரம் பொரியும். சீக்கிரம் பொரிந்தால் நல்லது என்று வெயிலில் எல்லாம் வைக்காதீர்கள்.

பொரிந்து வருவது ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காலே இருக்காது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து இரண்டு மூன்று நாள் ஓட்டும். அதற்குப் பிறகு சாப்பாடு வேண்டும், அதுவும் உயிருள்ள சாப்பாடு, அதுவும் நகர்கிற சாப்பாடு. இதைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. கடையில் விற்கும் மீன் தீனியை எவ்வளவு பொடியாக்கிப் போட்டாலும் இந்த வயதில் அது தின்னாது, ஏனென்றால் அசையாத எதுவும் அதற்கு இரையாகவே தெரியாது. அவித்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொல்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், சில மணி நேரத்தில் தண்ணீர் நாறிவிடும், குஞ்சு செத்துவிடும்.

ஆகவே ஆர்ட்டீமியா. நம்ம தூத்துக்குடி உப்பளங்களிலேயே இருக்கிற சின்ன உப்புநீர் இறால் வகை அது. அதன் காய்ந்த முட்டை டின்னில் கிடைக்கும், பார்க்கக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து, குளிர்பானப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி அதில் ஊற்றி, அரை டீஸ்பூன் முட்டை போட்டு, அடியிலிருந்து ஏர் பம்ப் குழாய் விட்டு, பக்கவாட்டில் ஒரு விளக்கும் போட்டு வைத்தால் ஒருநாளில் பொரியும். இதற்கு 26, 28 டிகிரி சூடு வேண்டும், ஆக்சலாட்டிலுக்கோ 18 டிகிரி வேண்டும், ஆக ஒரே வீட்டில் இரண்டு மூலையில் இரண்டு பருவம் நடத்த வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் ஆர்ட்டீமியாவுக்குச் சூடு காட்டுவதுதான் பாடு, சமவெளியில் நேர்மாறாக இருக்கும்.

பொரிந்த பிறகு பம்பை நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் விட்டால் வெற்றுத்தோல் மேலே மிதக்கும், பொரியாதது அடியில் படியும், ஆரஞ்சு நிறத்தில் உயிருள்ள குஞ்சுகள் விளக்கு வெளிச்சம் இருக்கும் பக்கமாகக் கூடும். அங்கேயிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, நெருக்கமான துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தோல் கலந்துவிட்டால் ஆக்சலாட்டில் குஞ்சு அதையும் விழுங்கிவிடும், அது செரிக்காது. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், அப்புறம் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். அதனால் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, இரண்டு தடவையும் மிச்சத்தை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே பொரிக்கப் போட வேண்டும் என்பதால் எப்போதும் இரண்டு பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மறந்தால் மறுநாள் பட்டினி.

சாப்பிட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பது மட்டும் சுலபம். அந்த வயதில் உடம்பு கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். சாப்பிட்ட குஞ்சின் வயிறு ஆர்ட்டீமியாவின் ஆரஞ்சு நிறத்தில் உப்பி இருக்கும், சாப்பிடாதது வெளிறிக் கிடக்கும். குஞ்சு அசையாமல் மிதந்துகொண்டே இருக்கும், இரை வாய்க்குப் பக்கத்தில் வரும் வரை பொறுத்திருந்து தலையை ஒரு வெட்டு வெட்டும், அவ்வளவு வேகம், கண்ணுக்குப் பிடிபடாது. ஒவ்வொன்றாக வயிற்றைப் பார்த்துக் கணக்கெடுப்பது பத்து இருபது குஞ்சுக்கு முடியும். முந்நூறு குஞ்சுக்கு யாரால் முடியும்?

சுத்தம் செய்வதற்கு நாங்கள் பயன்படுத்துவது பள்ளிக்கூடத்தில் பேனாவுக்கு மை ஊற்றுவோமே, அந்த இங்க் ஃபில்லர்தான். அடியில் கிடக்கும் கழிவை அதால் உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரை அதே சூட்டில் ஊற்றுவோம். ஃபில்டர் போட முடியாது, போட்டால் குஞ்சை இழுத்துக்கொள்ளும். தினமும் கைவேலைதான். வெளியூர்க் கல்யாணம், காதுகுத்து என்று இரண்டு நாள் போக வேண்டுமானால் வீட்டில் ஒருவர் தங்க வேண்டும்.

இரண்டு வாரம் போல ஆனதும் முன்னங்கால்கள் விரல் பிரிந்து நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். தவளைக்குப் பின்னங்கால் முதலில் வரும், இதற்கு முன்னங்கால் முதலில். பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கடி தொடங்குவதும் அப்போதுதான். பக்கத்தில் அசைவது எதுவானாலும் இரை என்று நினைத்துக் கடிக்கும், அது கூடப் பிறந்ததன் காலாக இருந்தாலும் சரி, செவுளாக இருந்தாலும் சரி. காலையில் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு கால் இருக்காது, இன்னொன்றுக்கு ஒரு பக்கச் செவுளே இருக்காது. பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும், இந்த மறுமுளைப்பு சக்திக்காகத்தான் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வைத்திருக்கிறார்கள், இதன் மரபணுத் தொகுதியை 2018-இல் முழுதாகப் படித்து வெளியிட்டார்கள், மனிதனுடையதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு பெரியது. முளைத்துவிடும்தானே என்று விட்டுவிடக் கூடாது. குஞ்சு வயதில் காயத்தில் பூஞ்சை ஏறினால் தாங்காது, அளவில் பெரியது சின்னதை முழுசாகவே விழுங்கிவிடும்.

இதற்கு வழி, வயிறு காயாமல் பார்ப்பதும் பிரித்து வைப்பதும்தான். ஹோட்டல் பார்சல் டப்பாக்களைக் கழுவி, டப்பாவுக்கு ஒன்று இரண்டு என்று போட்டு, அளவு வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். ஐந்து ஆறு சென்டிமீட்டர் தாண்டும் வரை இப்படித்தான். இருபது குஞ்சு என்றால் பத்து டப்பா, தினமும் பத்து டப்பாவுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆனதும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில் சின்னதாகப் பார்த்துக் கொடுக்கலாம், பிறகு உறைய வைத்த ரத்தப்புழுவை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினால் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும், அதற்கும் பிறகு நறுக்கிய மண்புழு. சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் விலை மலிவு என்று கொடுக்காதீர்கள், நோயைக் கொண்டுவரும். அடியில் கூழாங்கல் போடுவதும் கூடாது, இரையோடு சேர்த்துக் கல்லையும் விழுங்கிவிடும்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் உங்கள் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் இருப்பவர்கள். இது மெக்சிகோ நகரத்தை ஒட்டிய, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஏரிப்பகுதியைச் சேர்ந்த பிராணி. 16 முதல் 18 டிகிரி அதற்கு இதம். 24 டிகிரியைத் தாண்டினாலே தீனியை ஒதுக்கும், செவுள் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் பாட்டில் போட்டால் குறைந்து மறுபடி ஏறும், அந்த ஏற்ற இறக்கமே அதற்குக் கெடுதல். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் கருவி வாங்கலாம், அதன் விலை தொட்டியின் விலையைவிடப் பல மடங்கு, மின்சாரமும் நாள் முழுக்க ஓடும். அதையும் வாங்கிச் சிரத்தையாக வளர்ப்பவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள், எனக்கு அவர்களிடம் மரியாதை உண்டு. ஆனால் குஞ்சு வளரும் பத்துப் பார்சல் டப்பாவையும் சில்லரில் மாட்ட முடியாது, அறை முழுக்க ஏ.சி. போட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கோடையில் கூரியரில் முட்டை வரவழைத்தது. வந்து சேர்ந்த பை கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, முட்டை அத்தனையும் வெள்ளை. விற்றவரைக் கேட்டால் மறுபடி அனுப்புகிறேன் என்றாராம். அந்த வீட்டுச் சின்னப் பையன் அந்தப் பையைத் தூக்கிப் போட விடாமல் அழுதிருக்கிறான்.

இனி ஃப்ரீசர் விஷயம். உயிரைக் கொல்லச் சொல்கிறீர்களே, பாவம் இல்லையா என்று என்னிடமே நேரில் கேட்டவர்கள் உண்டு. இட்ட முதல் இரண்டு மூன்று நாளில் அது உருண்டையான ஒரு செல் கூட்டம், நரம்பு மண்டலம் உருவாகும் முன்பான நிலை. அந்த நேரத்தில் ஒரு டப்பாவில் போட்டு உறைய வைத்து, நன்றாக உறைந்த பிறகு அப்புறப்படுத்தினால் அங்கே வலி உணர ஒன்றும் இல்லை. வாலும் செவுளும் வந்து சுண்ட ஆரம்பித்த பிறகு செய்யக் கூடாது, அதனால்தான் முடிவை முதலிலேயே எடுக்கச் சொல்கிறேன். கருணையோடு அத்தனையையும் பொரிக்க விட்டு, பிறகு தினமும் காலையில் இங்க் ஃபில்லரால் செத்த குஞ்சுகளை உறிஞ்சி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குஞ்சுகளுக்குப் பசி தெரியும். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது, அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் வைக்காமல் இருந்தால் இந்தக் கேள்வியே வராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அடிக்கடி முட்டையிட்டால் பெண்ணும் இளைத்துப்போகும்.

சரி, எல்லாம் நன்றாக நடந்து நாற்பது ஐம்பது குஞ்சு பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போகும்? ஒரு பெரிய ஆக்சலாட்டிலுக்கு எழுபது லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். சொந்தக்காரர், நண்பர் என்று கொடுத்தால் எத்தனை பேர் வாங்குவார்கள்? கடைக்காரர்கள் மூன்று சென்டிமீட்டர் குஞ்சை வாங்கி வெயிலில் நிற்கும் கண்ணாடித் தொட்டியில் தங்கமீனோடு போடுவார்கள். அதற்கும் வழியில்லை என்றால் கடைசியில் யாராவது ஒருவர் ஓடையில் விட்டுவிடுவார், அதுதான் எனக்குப் பெரிய பயம். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனைப் பெரிதானதும் ஏரியில் விட்டுவிட்டு, இன்று தமிழ்நாட்டில் எத்தனை ஏரிகளில் வலை போட்டால் அந்த முள் மீன்தான் வருகிறது என்று மீனவர்களைக் கேட்டால் தெரியும், வலையையும் கிழித்துவிடுகிறது. சமவெளியில் ஆக்சலாட்டிலை விட்டால் சூட்டிலேயே செத்துவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓடைத் தண்ணீர் அதற்கு இதமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன, அவற்றின் தலைப்பிரட்டைகள் இதற்கு நல்ல இரை. அதைவிட மோசம், நீர்நில வாழ்விகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை வளர்ப்புப் பிராணி வியாபாரம் நாடுவிட்டு நாடு கொண்டுபோகும் என்பது தெரிந்த விஷயம், ஆக்சலாட்டில் நோய் தெரியாமலே அதைச் சுமக்கக்கூடியது. தொட்டித் தண்ணீரைக்கூட ஓடையில் ஊற்றக் கூடாது.

கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது, அழிந்துவரும் இனத்தை வீட்டில் வளர்த்துக் காப்பாற்றுகிறோம் என்று. இது நல்ல எண்ணம்தான், ஆனால் நடப்பது அப்படி இல்லை. 1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டில்கள் பாரிஸுக்குப் போயின. அங்கே ஆகஸ்ட் துமெரில் என்ற ஆய்வாளர் அவற்றில் சிலவற்றிடமிருந்து குஞ்சு எடுத்தார், இன்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவைதான். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக உறவுக்குள்ளேயே கலந்து, நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. இங்கே கடையில் ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில் இரண்டை வாங்கிப் போய் அதுவே ஜோடியாகி முட்டையிடுகிறது. இவை எதுவும் மெக்சிகோ ஏரிக்குத் திரும்பப் போகப் போவதில்லை.

அந்த ஏரிப்பகுதி சோச்சிமில்கோ, மெக்சிகோ நகரத்தின் தெற்கே இருக்கிறது. ஏரிக்குள் சேறும் செடியும் அடுக்கி உருவாக்கிய சினாம்பா என்ற விவசாயத் திட்டுகளும் அவற்றுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களும்தான் இப்போது மிச்சம். 1987-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 1998-இல் அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலாட்டில் இருந்தன என்று கணக்கெடுத்தார்கள், 2014 கணக்கெடுப்பில் அது 36 போல ஆகிவிட்டது. நகரக் கழிவு ஒரு காரணம். இன்னொரு காரணம் உணவுக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும், நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை என்று பிடிக்கிறோமே அதன் குடும்பம்தான், அவை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோவும் அவருடைய குழுவினரும் அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து, வாய்க்கால்களின் வாயில் தடுப்பு அமைத்து, மீன் நுழையாமல், தண்ணீர் வடிகட்டப்பட்டு உள்ளே வருகிற மாதிரி புகலிடங்களை உருவாக்கி வருகிறார்கள். வளர்த்த 18 ஆக்சலாட்டில்களை மீட்டெடுத்த ஈரநிலங்களில் விட்டுக் கண்காணித்ததில் அவை இரை தேடிப் பிழைத்துக்கொண்டன என்று 2025-இல் ஆய்வும் வெளியிட்டார்கள். காப்பாற்றும் வேலை அந்த வாய்க்கால்களில்தான் நடக்கிறது. அந்த நாட்டின் 50 பெசோ நோட்டில் 2021 முதல் ஆக்சலாட்டிலையும் சோச்சிமில்கோவையும் அச்சிட்டிருக்கிறார்கள். அதே வருடம்தான் மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் இது வந்தது. இங்கே பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அவர்களுக்குச் சோச்சிமில்கோவின் கதையையும் உங்கள் பக்கம் சொல்லியிருக்கலாம், பிள்ளைகள் அதையும் ஆர்வமாகக் கேட்பார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வன உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் இப்போது அதன் நான்காம் அட்டவணையில் வருகின்றன, ஆக்சலாட்டிலும் சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பிறந்தாலும் கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகச் செய்ய வேண்டும். முட்டை விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சை மாற்றினால் வாங்காதீர்கள். அடுத்த தடவை இப்படி ஒரு பக்கம் போடும்போது இந்தத் தகவலை ஒரு கட்டம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் இதே கட்டுரைக்கு ஒரு திருத்தமாகவே போடுங்கள், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முட்டைக்குப் பணம் அனுப்பியவர்கள் இருப்பார்கள்.

அப்படி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பை வந்ததும் பிரிக்காமல் அரைமணி நேரம் உங்கள் தண்ணீரில் மிதக்க விட்டுச் சூடு சமமானதும் முட்டைகளை மாற்றுங்கள். எந்த நாளில் இட்ட முட்டை என்று விற்றவரிடம் கேளுங்கள். உருண்டையாக இருக்கிறதா, நீண்டுவிட்டதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், உருண்டையாக இருந்தால் எத்தனை வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். கூழுக்குள் குஞ்சு சுண்டத் தொடங்கியதும் ஆர்ட்டீமியாவை ஒரு தடவை சோதனைக்குப் பொரித்துப் பாருங்கள், டின்னில் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். பழைய டின்னில் பாதிகூடப் பொரியாது, ஆக்சலாட்டில் வெளியே வந்த பிறகு அது தெரிந்தால் வேறு டின் வரவழைக்க இரண்டு மூன்று நாள்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி.